'சுல்தானாவின் கனவு' கதையில் வரும் பெண்கள் நாட்டில் நீங்கள் குடியேறுவீர்களா?

அன்னக்கூடம் கேட்டது:

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு சாயந்திரம் பெண்கள் சிலர் கூடிக் கதை படிக்கிறோம். இந்த வாரம் பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. என் மகள் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்டோம். சின்னக் கதைதான், சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சண்டைதான் முடியவில்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1905இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற பத்திரிகையில்தான் இது முதலில் வெளியானது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண். பிறந்த ஊர் ரங்பூர் பக்கம் பைராபந்த், இன்றைக்கு அது வங்கதேசம். கதை சொல்கிற பெண் இந்தியப் பெண்களின் நிலையை நினைத்தபடி சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். சாரா என்று ஒரு தோழி வந்து வெளியே கூட்டிப்போகிறாள். பார்த்தால் தெரு முழுக்கப் பெண்கள், ஓர் ஆணைக் காணோம். அவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் 'மர்தானா' என்ற ஆண்கள் பகுதியில் அடைந்து இருக்கிறார்கள். குழந்தை பார்ப்பது, சமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. நாட்டை ஆள்வது ராணி. போலீஸ் கிடையாது, குற்றம் கிடையாது, கொள்ளைநோய் கிடையாது, கொசுகூடக் கிடையாது. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணம் செய்யக் கூடாது. ஒரு பல்கலைக்கழகம் பலூன் விட்டு மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இழுக்கிறது, இன்னொன்று வெயிலைச் சேர்த்து வைக்கிறது. வேலை நேரம் தினம் இரண்டே மணி நேரம். 'அதற்குள் எப்படி முடிகிறது?' என்று கேட்டால், 'ஓர் ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான், ஒன்றுக்கு அரை மணி என்றால் ஆறு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறதே' என்கிறாள் சாரா.

எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் நாளைக்கே அங்கே போகத் தயார். மீதிப்பேர், பாதி ஜனத்தைப் பூட்டி வைத்துவிட்டு நல்ல நாடு என்று எப்படிச் சொல்வது என்கிறார்கள்.

நான் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விறகு அடுப்புக் காலத்திலிருந்து கேஸ் அடுப்புக் காலம் வரை பார்த்தாயிற்று. அந்தக் கதையில் வரும் சமையலறையை மகள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காய்கறித் தோட்டத்துக்கு நடுவில் சமையலறை. கரி இல்லை, நெருப்பு இல்லை, புகைபோக்கி இல்லை. வெயில் சூடு குழாய் வழியே வருகிறது, அதில் சமையல். 1905இல் ஒருத்தி உட்கார்ந்து இதை நினைத்திருக்கிறாள்!

ஆனால் அதே இடத்தில் இன்னொரு வரி வருகிறது. விருந்தாளிப் பெண் வருகிறாள் என்பதால், சமையலறையில் இருந்த ஆண்களை முன்கூட்டியே வெளியே போகச் சொல்லிவிடுகிறாள் சாரா. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் எங்களைப் பின்பக்கம் போய் நிற்கச் சொல்வார்கள். சாப்பாட்டை ருசி பார்ப்பார்கள், கூடம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். சுத்தம் செய்தவள் வேப்பமரத்தடியில் நிற்பாள். சாராவின் சமையலறையில் அந்த ஆண்கள் எங்கே போய் நின்றார்கள்?

இதுதான் கேள்வி. இந்தக் குறை அந்த நாட்டின் குறையா, இல்லை நம்மைக் குத்துவதற்காக ஆசிரியர் வைத்த ஊசியா? ஊசிதான் என்றால், அப்புறமும் அந்த நாடு வேண்டும் என்று ஆசைப்படுவது சரியா?

கரிசல்காட்டான்:

வணக்கம்மா. அந்த வரியைப் பிடித்தீர்கள் பாருங்கள், அதுதான் படிப்பு.

என் கட்சி: குறை நாட்டினுடையதுதான். எந்தக் கனவு நாட்டுக் கதையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, சாப்பிட்டு முடித்ததும் எச்சில் இலை எடுப்பது யார் என்பதைத்தான்.

'யுடோப்பியா' என்ற பேரையே உண்டாக்கிய தாமஸ் மோர், 1516இல் லத்தீனில் எழுதிய தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தனிச்சொத்து இல்லை. ஆறு மணி நேரம்தான் வேலை. தங்கத்தை மதிக்கக் கூடாது என்று அதில் மூத்திரச் சட்டி செய்து வைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். அப்புறம் பொதுச் சாப்பாட்டுக் கூடம் வருகிறது. அங்கே சமைப்பது வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பெண்கள். கடினமான, அழுக்கான வேலை மட்டும் அடிமைகளுக்கு. ஆடுமாடு அறுப்பதும் அடிமைகள்தான். ஏன் என்றால், அறுத்துப் பழகினால் குடிமக்களின் இரக்க குணம் கெட்டுவிடுமாம்! இரக்கத்தை இவர்கள் வைத்துக்கொண்டு, கத்தியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த அடிமைகளின் சங்கிலியும் தங்கம்தான்.

ஊர்விட்டு ஊர் போக அனுமதிக் கடிதம் வேண்டும். இல்லாமல் போய் இரண்டாம் தடவை மாட்டினால் அடிமைத்தனம். மாதக் கடைசி விழாவன்று கோயிலுக்குப் போகும் முன் மனைவி புருஷன் காலடியில் மண்டியிட்டுத் தன் தப்பைச் சொல்ல வேண்டும். புருஷன் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

மோரின் அடிமைகளில் பலர் குற்றம் செய்தவர்கள், வெளிநாட்டில் மரண தண்டனை பெற்று வாங்கி வரப்பட்டவர்கள் என்று அவர் ஒரு காரணமாவது சொல்கிறார். பெண்கள் நாட்டில், கதையில் வரும் ஒரு போரில் தோற்றுப்போய் உள்ளே போன ஆண்கள் சரி. போர் முடிந்து முப்பது வருஷம் கழித்து அங்கே பிறந்த ஆண் குழந்தை என்ன தப்பு செய்தது? அவனுக்குக் கதவைத் திறந்துவிடும் வழி கதையில் எங்கேயும் இல்லை. நான் குடியேற மாட்டேன். என் மகளையும் அனுப்ப மாட்டேன்.

நூலேணி:

கரிசல் தம்பி, கடைசிப் பத்தியில் நீங்கள் கேட்டீர்களே, 'அங்கே பிறந்த ஆண் குழந்தை என்ன தப்பு செய்தது' என்று. அந்தக் கேள்வியை உங்கள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் ரொக்கேயா அந்தக் கதையை எழுதினார். பைராபந்தில் பிறந்த பெண் குழந்தை என்ன தப்பு செய்தது என்று நேராகக் கேட்டிருந்தால் 1905இல் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்?

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள். இந்தக் கதையை வகுப்பில் வைக்கும்போதெல்லாம் பையன்கள் முதல் ஐந்து நிமிஷத்தில் மர்தானா அநியாயம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கதை வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எழுதியவர் எங்கிருந்து எழுதினார் என்று பாருங்கள். வீட்டில் பெண்களுக்கு வங்காளமும் ஆங்கிலமும் சொல்லித்தர மாட்டார்கள். அண்ணன் ராத்திரியில் மற்றவர்கள் தூங்கிய பிறகு சொல்லிக்கொடுத்தார். 1931இல் அவர் 'அபரோத்பாசினி' என்று ஒரு புத்தகம் போட்டார். அந்தப்புரத்துக்குள் பெண்கள் பட்டதைத் துண்டு துண்டாகச் சொல்லும் புத்தகம். அதில் ஒன்றை என்னால் மறக்க முடியாது. ரயில் மாறும்போது ஒரு பெண்மணி பர்தா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறார். தூக்கிவிட ஆண்கள் ஓடி வருகிறார்கள். கூட வந்த வேலைக்காரி, 'யாரும் தொடக் கூடாது' என்று தடுக்கிறாள். அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. சுற்றி அத்தனை பேர் நிற்கும்போதே ரயில் நகர்கிறது. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்குள் வளர்ந்த ஒருத்தி, ஒரு பகல் கனவில் ஆண்களை உள்ளே போட்டுப் பூட்டினாள். அவ்வளவுதான். அவர் கணவர் கதையை நின்றபடியே படித்துவிட்டு 'பயங்கரமான பழிவாங்கல்' என்றாராம். பிடித்துப்போய்த்தான் சொன்னார். மனைவியை எழுதத் தூண்டியவரே அவர்தான்.

அன்னக்கூடம் அம்மா, நீங்கள் நின்ற அந்த வரியும் இதே ஊசிதான். அந்தக் காலத்து வீட்டில் அந்நிய ஆண் வருகிறான் என்றால் பெண்கள் கூடத்திலிருந்து உள்ளே ஓட வேண்டும். அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். சாராவின் தையல் வேலையைப் பார்த்து ஆச்சரியப்படும் இடமும் அப்படித்தான். 'எங்கள் ஆண்களுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை கிடையாது' என்பாள் சாரா. இதில் போய்க் குடியுரிமைச் சட்டம் தேடக் கூடாது. கண்ணாடிக்குள் யாராவது குடியேறுவார்களா?

மாலைநடை:

நான் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்துக் காலம். எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் உறுத்துகிறது.

கனவு நாட்டில் வேலை குறைய வேண்டுமா, வேலை இனிக்க வேண்டுமா? இதை வைத்து ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1888இல் அமெரிக்காவில் எட்வர்ட் பெல்லமி 'லுக்கிங் பேக்வர்ட்' எழுதினார். பாஸ்டன் நகரத்தில் 1887இல் தூங்கிப்போனவன் 2000இல் விழிக்கிறான். காசு இல்லை, கடன் அட்டை மட்டும். 21 வயதில் எல்லோரும் தொழில்படையில் சேர வேண்டும், 45 வயதில் ஓய்வு. அதற்கப்புறம்தான் வாழ்க்கை. புத்தகம் அங்கே அமோகமாக விற்றது. அதைப் படித்துவிட்டு ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள்.

லண்டனில் வில்லியம் மாரிஸ் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். 1889இல் தன் 'காமன்வீல்' பத்திரிகையில் விமர்சனம் எழுதினார். அது போதாமல் அடுத்த வருஷம் அதே பத்திரிகையில் தன்னுடைய கனவு நாட்டையே தொடராகப் போட்டார், 'நியூஸ் ஃப்ரம் நோவேர்' என்று. அவர் நாட்டில் படையும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை. தேம்ஸ் ஆறு தெளிவாக ஓடுகிறது. படகு ஓட்டுகிறவன், புல் அறுக்கிறவன், கல் செதுக்குகிறவன் எல்லோரும் பிடித்துப்போய்ச் செய்கிறார்கள். கூலி என்ற பேச்சே இல்லை. வேலை ஒரு தண்டனை, அதைக் குறைத்துவிட்டால் மனிதன் சந்தோஷமாக இருப்பான் என்று பெல்லமி நம்புகிறார். சந்தோஷமே வேலையில்தான் இருக்கிறது என்கிறார் மாரிஸ். அவரே பின்னால் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கி எழுத்துருவைத் தானே வரைந்து புத்தகம் போட்டவர். பேசியதைச் செய்து காட்டினார்.

நான் மாரிஸ் பக்கம். ஒரு பக்கத்தை இடைவெளி பார்த்துக் கோத்து, முதல் புரூஃப் எடுத்துப் பார்க்கிற நேரம் இருக்கிறதே, அதை இரண்டு மணியோடு நிறுத்து என்று எந்த ராணி சொன்னாலும் கேட்க மாட்டேன்.

அன்னக்கூடம்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மாலைநடை அண்ணன், உங்கள் எழுத்துக் கோக்கிற சந்தோஷம் எனக்குப் புரிகிறது. குழம்பு தாளிக்கிற நேரம் எனக்கும் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதும். ஆனால் அடிப்பிடித்த அண்டாவை மத்தியான வெயிலில் குனிந்து தேய்க்கிற வேலை எந்த நாட்டிலும் இனிக்காது. மாரிஸ் நாட்டில் படகு ஓட்டுகிறவனும் புல் அறுக்கிறவனும் வருகிறார்கள், சரி. அண்டா தேய்ப்பவள் வருகிறாளா? பெல்லமி கதையில் சமையல் எங்கே நடக்கிறது? இரண்டையும் சொல்லுங்கள்.

நூலேணி மேடம், ஊசி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி மட்டும்தான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். குற்றத்தைத் திருப்பிக் காட்ட மட்டும்தான் கதை என்றால், வெயில் குழாய் எதற்கு? தண்ணீர் பலூன் எதற்கு? இருபத்தொரு வயதுக் கல்யாணம் எதற்கு? அதெல்லாம் எதையும் தலைகீழாகத் திருப்பிப்போட்டது இல்லை. அவர் நிஜமாகவே வேண்டுமென்று கேட்டது. ஒரே கதையில் பாதி ஆசை, பாதி கோபம். ஆசையை உண்மை என்றும் கோபத்தை விளையாட்டு என்றும் நாம் பிரித்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் பேசாதது, இங்கேயும் யாரும் விரித்துச் சொல்லாதது. பக்கத்து நாட்டு ராஜா படையெடுத்து வருகிறான், ஆண் படை தோற்கிறது. அப்போது பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு போய், சேர்த்து வைத்த வெயிலை எதிரிகள் மேல் திருப்புகிறாள். அவர்கள் சூடு தாங்காமல் ஓடுகிறார்கள், விட்டுப்போன ஆயுதங்களும் அதே வெயிலில் எரிகின்றன. என் சமையலறைக்கு வருகிற சூடும் அதே சூடுதான். மகள் அதை வாசித்தபோது எங்கள் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். இத்தனைக்கும் சண்டை எதற்கு வந்தது என்றால், அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று ராணி சொன்னதால்தான். நல்ல காரணம். அதனால்தான் சொல்கிறேன், இந்த நாடு பொம்மை நாடு இல்லை. அதற்கு அக்கம்பக்கம் இருக்கிறது, அகதி இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது. அப்படி எழுதிய நாட்டை நாடாக வைத்துத்தான் நியாயம் கேட்பேன். கரிசல் தம்பி கேட்ட அந்தப் பிள்ளைக்காகவும் கேட்பேன்.

மாலைநடை:

அம்மா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

மாரிஸ் கதையில் ஹாமர்ஸ்மித் விருந்தினர் இல்லத்தில் காலைச் சாப்பாடு பரிமாறுவது பெண்கள்தான். அழகான உடை, ரோஜாப்பூ, சிரித்த முகம். பின்னால் ஒரு கிழவர் வந்து, வீட்டைத் திறமையாக நடத்துவது பெண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்று பாடமே நடத்துவார். அவ்வளவு பெரிய மனுஷன், கல் செதுக்குகிறவனிடம் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்கவில்லை. இது எனக்கு எப்போதுமே வருத்தம்.

பெல்லமி இந்த விஷயத்தில் மேல். 'வீட்டு வேலை யார் செய்கிறார்கள்?' என்று விருந்தாளி கேட்டால், 'செய்வதற்கு எதுவுமே இல்லை' என்று அந்த பாஸ்டன் வீட்டு அம்மா பதில் சொல்வார். துணி பொதுச் சலவையகத்தில், சாப்பாடு பொதுச் சமையலறையில்.

அன்னக்கூடம்:

அண்ணே, பொதுச் சமையலறை என்பது நான் வேலை பார்த்த இடம்! அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை என்று, சாப்பிட வந்தவர் சொல்லலாம். அந்த பாஸ்டன் அம்மா சாப்பிட வந்தவர்.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. மூன்று பேரும் சமையலை எங்கேயோ நகர்த்தி வைக்கிறார்கள். மோர் முறைவைத்துப் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் தள்ளினார். பெல்லமி கண்ணுக்குத் தெரியாத கட்டடத்துக்குத் தள்ளினார். மாரிஸ் சிரிக்கிற பெண்களிடம் விட்டார். ரொக்கேயா ஒருத்திதான் அடுப்பையே மாற்றலாம் என்று யோசித்தார். புகையை எடுத்தார். நேரத்தைக் குறைத்தார். ஆனாலும் ஆளை மாற்றாமல் விடவில்லை, அங்கேயும் ஒருவன் உள்ளே நிற்கிறான். அவர் அவ்வளவு தூரம் வந்தவர் என்பதால்தான் அந்தக் கடைசி அடி எனக்கு இத்தனை வலிக்கிறது.

நூலேணி:

உங்கள் இரண்டாவது பதிவைப் படித்துவிட்டு நிறைய நேரம் யோசித்தேன், அம்மா. ஆசையும் கோபமும் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன்.

ரொக்கேயா அதோடு நிற்கவில்லை. கணவர் 1909இல் இறந்துபோகிறார். அவர் பேரிலேயே பாகல்பூரில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குகிறார். 1911இல் கல்கத்தாவில் மறுபடி தொடங்குகிறார். 1924இல் 'பத்மராக்' என்று ஒரு நாவல் வருகிறது. அதிலும் பெண்கள் இடம் ஒன்று உண்டு, தாரிணி பவன் என்று பேர். தீனதாரிணி என்ற பிரம்ம சமாஜ விதவை தொடங்கியது. பள்ளி, கைத்தொழில் கூடம், நோயாளிகளுக்கும் நாதியற்றவர்களுக்கும் இல்லம். இந்து, முஸ்லிம், கிறித்தவப் பெண்கள் ஒன்றாக இருந்து வேலை பார்க்கிறார்கள். ஹெலன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். கணவன் புத்தி கலங்கியவன், ஆனால் அவள் நாட்டுச் சட்டம் விவாகரத்து தராது. ராணி இல்லை, பறக்கும் வண்டி இல்லை, வெயில் குழாயும் இல்லை. யாரையும் பூட்டவும் இல்லை. நாயகி சித்திகாவும் லத்தீப் என்பவனும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். இருந்தும் கடைசியில் அவனோடு குடும்பம் நடத்தப் போக மறுத்துவிடுகிறாள். அவனை யாரும் தண்டிப்பதில்லை. அவள் மறுக்கிறாள், அவன் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வருஷம் கழித்து அவர் வந்து சேர்ந்த இடம் இது என்று நான் படிக்கிறேன்.

கரிசல்காட்டான்:

மேடம் சொன்ன வீட்டுக்கு என் மகளை அனுப்புவேன்.

ஒரே ஒரு மனக்குறை. அது ஒரு இல்லம்தான், நாடு இல்லை. வெளியே உலகம் பழையபடியே இருக்கிறது. அடிபட்டு வந்தால்தான் உள்ளே இடம்.

அன்னக்கூடம்:

தம்பி சொல்வது சரிதான். மகளும் அதையேதான் சொன்னாள். அதனால் அடுத்த ஞாயிறு பத்மராக் எடுக்கிறோம். அவள் வாரம் முழுக்கப் படித்து வைத்துச் சொல்லப்போகிறாள்.

என்னைக் கேட்டால், சாராவின் நாட்டில் விருந்தாளியாக ஒரு நாள் இருப்பேன், குடியேற மாட்டேன். தாரிணி பவனில் குடியேறுவேன். அங்கே அடுப்பு புகையும் என்று தெரியும். புகையில் நின்று பழகியவள்தான், இன்னும் கொஞ்ச காலம் நிற்பேன். ஆனால் அந்த வெயில் குழாயைத் தாரிணி பவனுக்கு இழுத்து வர முடியாது, அது பூட்டோடு சேர்ந்துதான் வரும் என்று யாராவது சொன்னால், அவரோடு நான் மறுபடி சண்டைக்கு வருவேன்.